பழி சுமந்த சேனாதிபதி

போர்க்களத்தில் தோல்வி நேருமானால், அதன் காரணத்தை ஆராய்ந்து திருத்திக்கொள்வது ஒரு வழி; அதன் பழியை வேறொருவர் தலையில் ஏற்றிவிட்டு மேலே செல்வது மற்றொரு வழி. இரண்டாவது வழி எப்போதுமே எளிது. பழியை ஏற்பவன் சொந்த நாட்டை இழந்தவனாகவும், அவனுக்காக வாதாடப் பலமுள்ள ஒரு சர்க்கார் இல்லாதவனாகவும் இருந்துவிட்டால் அது இன்னும் எளிதாகிவிடுகிறது. இரண்டாவது உலக மகா யுத்தத்தில் போலந்து தேசத்துப் பாராசூட் பிரிகேடுக்குத் தலைமை வகித்த ஜெனரல் ஸ்டானிஸ்லாவ் ஸோஸபோவ்ஸ்கியின் வாழ்க்கை இதற்குத் தக்க உதாரணமாகும்.

சேனாதிபதிகளின் சரித்திரங்கள் பெரும்பாலும் பட்டங்களுடனும் பதக்கங்களுடனும் முடிவடைகின்றன. ஸோஸபோவ்ஸ்கியின் ராணுவ உத்தியோகமோ பதவி நீக்கத்தில் முடிந்தது. அதன் பின்னர் அவர் லண்டன் நகரின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு தொழிற்சாலையில் தொழிலாளியாக வேலை பார்த்துத் தம் முதுமைக் காலத்தைக் கழித்தார். அவர் செய்த குற்றம் என்ன? தம் வீரர்களை அனுப்பவிருந்த ஒரு திட்டத்திலுள்ள பிழைகளை, அதை வகுத்தவர்களின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னார். சொன்னவை பலித்தும் விட்டன. அதன் பிறகு சொன்னவரை மன்னிப்பது மேலதிகாரிகளுக்கு இயலாததாயிற்று. இந்த வரலாற்றை விவரமாக அறிந்துகொள்வது பொதுநலத் தொண்டில் ஈடுபட்டோருக்கு மிகவும் பயன்படும் என்பது நம் அபிப்பிராயம்.

அடிமை நாட்டில் பிறந்தவர்

ஸோஸபோவ்ஸ்கி 1892-ஆம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி ஸ்டானிஸ்லாவோவ் என்னும் ஊரில் பிறந்தார். அன்று அவ்வூர் ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. இன்று அது உக்ரேன் தேசத்தில் வேறு பெயருடன் விளங்குகிறது. அவர் பிறந்த காலத்தில் போலந்து என்ற பெயருள்ள சுதந்திர தேசம் பூகோள படத்திலேயே கிடையாது. ருஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் 1772, 1793, 1795 ஆகிய வருஷங்களில் அத்தேசத்தை மூன்று தவணையாகப் பங்கிட்டுக்கொண்டுவிட்டன. ஆயினும் போலிஷ் மக்கள் தம் பாஷையையும், மத பக்தியையும், சுதந்திர வேட்கையையும் கைவிடவில்லை.

ரெயில்வே ஊழியர் ஒருவரின் மகனான ஸோஸபோவ்ஸ்கி இளமையிலேயே தந்தையை இழந்து, குடும்ப பாரத்தைச் சுமக்க நேர்ந்தது. தேசீய இளைஞர் சங்கங்களில் சேர்ந்து, பிற்காலத்தில் தேவைப்படும் என்ற நம்பிக்கையுடன் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர்களுள் அவரும் ஒருவர். 1913-ஆம் வருஷம் ஆஸ்திரிய ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, முதல் உலக யுத்தத்தில் ருஷியப் போர்முனையில் போரிட்டுக் காயமுற்றார். தம் தேசத்தைப் பங்கிட்டுக்கொண்ட ஒரு சக்கரவர்த்திக்காக, பங்கிட்டுக்கொண்ட மற்றொரு சக்கரவர்த்தியின் படையுடன் போரிட வேண்டியிருந்தது அவருடைய தலைமுறையின் விதி. 1918-ஆம் வருஷம் போலந்து சுதந்திரம் அடைந்ததும், முதற்காரியமாக அதன் புதிய ராணுவத்தில் சேர்ந்துகொண்டார்.

அடுத்த இருபது வருஷங்களும் அவருக்கு ராணுவப் பணியிலேயே கழிந்தன. 1939 செப்டம்பரில் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்தபோது, அவர் கர்னல் பதவி வகித்து, "வார்ஸாவின் குழந்தைகள்" என்று பெயர் பெற்ற 21-ஆவது காலாட்படை ரெஜிமெண்டுக்குத் தலைவராக இருந்தார். மிளாவா என்ற இடத்தில் போரிட்டுப் பின்வாங்கிய அப்படை, தலைநகரான வார்ஸாவின் கீழ்ப்பகுதியைக் காத்து நின்றது. செப்டம்பர் 28-ந் தேதி நகரம் சரணடைந்தது. ஆனால் அவர் பொறுப்பிலிருந்த பகுதி கடைசி வரையில் கைநழுவாதிருந்தது. போலந்தின் தலைசிறந்த வீர விருதான விர்டூடி மிலிடாரி அப்போது அவருக்கு அளிக்கப்பட்டது.

ஸ்காட்லாந்தில் ஒரு சேனை

கைதியாகப் பிடிபட்ட ஸோஸபோவ்ஸ்கி தப்பியோடி வார்ஸாவுக்கே திரும்பி வந்து, மறைவாக நடந்த தேசீய இயக்கத்தில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்த போலிஷ் சர்க்காருடன் தொடர்புகொள்வதற்காக அவரைப் பிரான்ஸுக்கு அனுப்ப இயக்கத்தார் தீர்மானித்தனர். ஹங்கேரி, ருமேனியா வழியாக அவர் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே உருவாகிக்கொண்டிருந்த ஒரு போலிஷ் டிவிஷனுக்கு உதவித் தலைவராக நியமிக்கப்பட்டார். ஆயுதங்கள் வந்து சேருவதற்கு முன்பே, 1940 ஜூன் மாதத்தில் பிரான்ஸ் வீழ்ந்தது. எஞ்சியோருடன் கடல் கடந்து பிரிட்டனை அடைந்தார். பத்து மாத காலத்தில் இரண்டு தேசங்கள் கண்ணெதிரே வீழ்வதைக் கண்டவர், மூன்றாவது தேசத்தில் புதிதாக ஒரு படையைத் திரட்டத் தொடங்கினார் என்றால், அவருடைய மன உறுதியை வேறு சொற்களால் விளக்க வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் ஜில்லாவில் அவருடைய முகாம் அமைந்தது. தாய்நாடோ கடலுக்கும் எதிரிக்கும் அப்பால் இருந்தது. அங்கே போய்ச் சேர ஆகாய மார்க்கம் ஒன்றே உண்டு என்பதை அவர் கண்டார். பாராசூட் படை என்பது அன்று புதுமையான விஷயம். விமானத்திலிருந்து குதித்து, எதிரியின் பின்புறத்தில் இறங்கி, பெரும் படை வந்து சேரும் வரையில் பாலத்தையோ மேட்டையோ பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. பீரங்கி முதலிய கனமான ஆயுதங்கள் அதனிடம் அதிகம் இரா. கையில் கொண்டுபோகும் உணவும் ரவையும் இரண்டு மூன்று நாட்களுக்கே காணும். ஆகையால் எங்கே இறங்குகிறது, எப்போது இறங்குகிறது என்பதிலேதான் அப்படையின் ஜீவன் இருக்கிறது. நேயர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நேர்ந்த விவகாரம் முழுவதும் இதைப் பற்றியதே.

லார்கோ என்னும் இடத்திலிருந்த ஒரு மாளிகையின் தோட்டத்தில் மரங்களுக்கிடையே கயிறுகளும் ஏணிகளும் ஊஞ்சல்களும் கட்டி அவர் அமைத்த பயிற்சிக் களத்தை வீரர்கள் "குரங்குத் தோப்பு" என்று அழைத்தார்கள். மான்செஸ்டர் நகருக்கருகில் ரிங்வே விமான நிலையத்தில் குதிக்கும் பயிற்சி நடைபெற்றது. தலைவரும் ஐம்பது வயதை நெருங்கிய நிலையில் தம் வீரர்களைப் போலவே விமானத்திலிருந்து குதித்துப் பழகினார். தாம் செய்யாததைப் பிறரைச் செய்யச் சொல்வது அவருடைய வழக்கமன்று. 1941-ஆம் வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி போலந்தின் பிரதம மந்திரியும் சேனைத் தலைவருமான ஜெனரல் ஸிகார்ஸ்கி அப்படையின் பயிற்சியைப் பார்வையிட்டு, அதற்கு முதலாவது சுயேச்சைப் பாராசூட் பிரிகேடு என்று பெயர் சூட்டினார்.

சுயேச்சை என்ற அச்சொல் அலங்காரத்துக்காக வைத்ததன்று. வெளிநாட்டிலிருந்த மற்றப் போலிஷ் படைகள் பிரிட்டிஷ் தளபதிகளின் கட்டளைக்கு உட்பட்டிருந்தன. இந்த ஒரு படை மட்டும் லண்டனிலிருந்த போலிஷ் சர்க்காரின் நேரடி ஆணையில் இருந்தது. என்றைக்கேனும் தாய்நாட்டில் மக்கள் கிளர்ந்தெழும்போது, அவர்களுக்குத் துணையாக அங்கே போய் இறங்குவதற்கென்றே அது அமைக்கப்பட்டது. "மிகக் குறுகிய வழியே" என்பது அதன் வாசகம். தாய்நாட்டுக்குச் செல்லும் குறுகிய வழி என்று பொருள். ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த வார்ஸா நகரத்துப் பெண்மணிகள் இரகசியமாக ஒரு கொடியைத் தைத்து, அபாயங்களைக் கடந்து லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். 1944-ஆம் வருஷம் அக்கொடி அப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

யாருடைய படை?

இத்தகைய படையைப் பிரிட்டிஷ் தளபதிகள் சும்மா விட்டு வைப்பார்களா? தேர்ந்த பாராசூட் வீரர்கள் அன்று எந்த ராணுவத்துக்கும் கிடைத்தற்கரிய பொருள். ஐரோப்பாவில் பெரும் படையெடுப்புக்கான ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. பிரிகேடைத் தங்கள் வசம் விட்டுவிட வேண்டுமென்று அவர்கள் வற்புறுத்தினார்கள். ஒருமுறை மட்டும் உபயோகித்துக்கொண்டு, பிறகு போலந்துக்காகத் திருப்பித் தரவேண்டும் என்று போலிஷ் சர்க்கார் நிபந்தனை கேட்டது. உணவும் உடையும் ஆயுதமும் விமானமும் பிறர் கொடுக்க வாங்கிக்கொள்ளும் ஒரு சர்க்காரின் நிபந்தனைக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? 1944 ஜூன் மாதத்தில் பிரிகேடு பிரிட்டிஷ் தலைமையின் கீழ்ச் சென்றது. ஸோஸபோவ்ஸ்கிக்கு ஜெனரல் பதவி கிடைத்ததும் அதே மாதத்தில்தான்.

இரண்டு மாதங்கள்கூடக் கழியவில்லை. ஆகஸ்டு 1-ந் தேதி வார்ஸாவில் மக்கள் புரட்சி வெடித்தது. எந்த நாளுக்காக அப்படை மூன்று வருஷங்கள் பயிற்சி பெற்றதோ, அந்த நாள் வந்தது. ஆனால் அப்படை அப்போது அந்நியரின் ஆணையில் இருந்தது. வார்ஸா 63 நாட்கள் போரிட்டது. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாத பொதுஜனங்கள் அந்நகரில் மாண்டார்கள் என்று சரித்திரக்காரர்கள் மதிப்பிடுகிறார்கள். ஸோஸபோவ்ஸ்கியின் சொந்த மகன் அப்புரட்சியில் போரிட்டு இரு கண்களையும் இழந்தார். தந்தையோ இங்கிலாந்தில் தம் படையுடன் வேறொருவர் உத்தரவுக்குக் காத்திருந்தார்.

நியாயத்தை மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு முழுப் பிரிகேடையும் பிரிட்டனிலிருந்து வார்ஸாவுக்கு விமானத்தில் கொண்டுபோய் இறக்குவது அன்றிருந்த சாதனங்களைக் கொண்டு ஏறக்குறைய அசாத்தியம். இதை ராணுவ நிபுணர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். தூரம் அதிகம், வழி நெடுக எதிரியின் விமானங்கள், இறங்கிய பின் உணவும் ரவையும் கொண்டுபோய்ச் சேர்க்க வகை இல்லை. ஆகையால் அப்படை போயிருந்தால் வார்ஸா தப்பியிருக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை போலந்துக்கு இல்லாமற்போயிற்று என்பதையே குறிப்பிடுகிறோம்.

எச்சரிக்கையும் அலட்சியமும்

செப்டம்பர் மாதத்தில் ஃபீல்டு மார்ஷல் மாண்ட்கமரி ஒரு துணிகரமான திட்டத்தை வகுத்தார். ஹாலந்தில் வரிசையாக உள்ள நதிப் பாலங்களை மூன்று ஆகாயப் படை டிவிஷன்கள் திடீரென்று இறங்கிக் கைப்பற்றும். தரை மார்க்கமாக ஒரு டாங்கிப் படை சுமார் 60 மைல் விரைந்து சென்று கடைசிப் பாலமாகிய ஆர்ன்ஹெம் பாலத்தை அடையும். ரைன் நதியைக் கடந்து ஜெர்மனிக்குள் புகுந்துவிட்டால் யுத்தம் அவ்வருஷமே முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. ஐண்டோவன், நைமேகன் பிரதேசங்கள் இரண்டு அமெரிக்க டிவிஷன்களுக்கும், ஆர்ன்ஹெம் பாலம் ஜெனரல் அர்க்கார்ட் தலைமையிலிருந்த பிரிட்டிஷ் டிவிஷனுக்கும் ஒதுக்கப்பட்டன. ஸோஸபோவ்ஸ்கியின் பிரிகேடு அர்க்கார்ட்டுக்குத் துணை. ஆகாயப் படைகள் யாவற்றுக்கும் களத்தில் தலைவர் ஜெனரல் பிரௌனிங்.

இதற்கு முன்னரே, ஒரே ஒரு டிவிஷனையும் போலிஷ் பிரிகேடையும் கொண்டு அப்பாலங்களைப் பிடிக்க வேறொரு திட்டம் போடப்பட்டது. அந்தப் பலம் போதாது என்று ஸோஸபோவ்ஸ்கி பிரௌனிங்கிடம் நேரில் வாதாடினார். அத்திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டது. புதிய திட்டத்திலும் அவர் கண்ட குறைகள் பல. துருப்புகள் இறங்கும் இடங்கள் பாலத்திலிருந்து ஆறு முதல் எட்டு மைல் வரை தூரத்தில் இருந்தன. விமானங்கள் போதாமையால், எல்லாரும் ஒரே நாளில் இறங்காமல் மூன்று நாட்களில் பகுதி பகுதியாக இறங்குவார்கள். முதல் நாள் கழிந்ததும் எதிரி விழித்துக்கொள்வான். ஜெர்மானியர் பலம் குன்றிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, ஜெர்மானியர்களை ஏன் யாருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவருடைய கேள்வி. 1939-இல் அவர்களுடன் போரிட்டவர் அவர். அவர்களுடைய ஆற்றலை அவர் அறிவார்.

அரசனிடம் இடித்துரைப்பது அமைச்சனின் கடமை என்பது நம் முன்னோர் கண்ட நீதி. கேட்பவன் சினந்தாலும் சொல்வது அவன் பொறுப்பு. ஆனால் யுத்தம் முடியப்போகிறது என்ற உற்சாகத்தில் திளைத்திருந்த சபையில், அந்நிய உச்சரிப்புடன் இங்கிலீஷ் பேசிய ஒரு வயோதிகப் போலிஷ்காரரின் ஆக்ஷேபம் அபசுரமாக ஒலித்தது. இவர் பிடிவாதக்காரர், ஒத்துழைக்காதவர் என்ற பெயர் அப்போதே நிலைத்துவிட்டது. அவர் சுபாவத்தில் கடுமையும் முன்கோபமும் இருந்ததென்பதை அவருடைய நண்பர்களும் மறுத்ததில்லை. ஆனால் இனிமையாகப் பேசத் தெரிந்தவர்கள் எவரும் அச்சபையில் அந்தக் கேள்வியை எழுப்பவில்லையே!

டிரீல் கிராமத்தில்

செப்டம்பர் 17-ந் தேதி திட்டம் தொடங்கியது. ஆர்ன்ஹெம் அருகில் ஜெர்மானியரின் இரண்டு டாங்கி டிவிஷன்கள் தங்கி இளைப்பாறிக்கொண்டிருந்தன. இறங்கிய பிரிட்டிஷ் துருப்புகளில் 700-க்குச் சற்று அதிகமானவர்களே பாலத்தின் வடமுனையை அடைய முடிந்தது. மற்றவர்கள் நகருக்கு வெளியே தடுக்கப்பட்டு, ஊஸ்டர்பேக் என்னும் இடத்தில் நதியை ஒட்டி முற்றுகைக்கு உள்ளானார்கள். இரண்டு நாட்களில் வந்து சேர வேண்டிய தரைப்படை ஒரே பாதையில் நெரிசலுற்றுத் தாமதித்தது.

போலிஷ் பிரிகேடின் பீரங்கிப் பகுதி கிளைடர் விமானங்களில் முன்னதாகவே சென்று, நதிக்கு வடக்கே சண்டையின் நடுவில் இறங்கிற்று. முக்கியப் படை 19-ந் தேதி இறங்க வேண்டியது. இங்கிலாந்தில் மூடுபனி சூழ்ந்து விமானங்கள் கிளம்பாமல் இரண்டு நாட்கள் வீணாயின. 21-ந் தேதி பிற்பகல் 114 விமானங்கள் புறப்பட்டன. வானிலை கெட்டதால் அவற்றில் 41 விமானங்கள் வழியிலேயே திரும்பிவிட்டன. ஏறக்குறைய ஆயிரம் பேர் மட்டும், எதிரியின் குண்டுகளுக்கிடையே, நதிக்குத் தெற்கேயுள்ள டிரீல் கிராமத்தின் வயல்களில் குதித்தனர். பாலத்தைக் காத்து நின்ற பிரிட்டிஷ் வீரர்கள் அன்று காலையிலேயே அடக்கப்பட்டுவிட்டார்கள். போலிஷ் படை உதவி செய்ய வேண்டிய காரியம், அது வானத்தில் தோன்றும் முன்பே முடிந்துவிட்டது.

டிரீலிலிருந்து அக்கரைக்குப் போகும் ஓடத்துறையை உபயோகித்துக்கொள்ளும்படி ஸோஸபோவ்ஸ்கிக்குக் கட்டளை. ஓடம் போய்விட்டது என்ற செய்தி இறங்கிய பிறகே அவருக்குத் தெரியவந்தது. அக்கரையிலுள்ள மேடும் எதிரியின் கையில் இருந்தது. படகுகள் கிடையா. 22-ந் தேதி இரவு, சிறு ரப்பர்ப் படகுகளில் கயிற்றைப் பிடித்திழுத்து, யந்திரத் துப்பாக்கி வெளிச்சங்களுக்கிடையே 52 பேர் அக்கரை சேர்ந்தனர். மறுநாள் இரவு சுமார் 150 பேர். மற்றவர்கள் டிரீலைச் சுற்றி வளைத்த ஜெர்மானியரை எதிர்த்து நின்றார்கள். ஜெர்மானியர் இந்தப் படையைத் தடுப்பதற்கென்று கணிசமான பலத்தை நதியின் தென்கரைக்குத் திருப்ப வேண்டியிருந்தது. முற்றுகையில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு அது ஓர் ஆறுதல் என்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

24-ந் தேதி வால்பர்க் என்ற ஊரில் தளபதிகளின் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. ஜெனரல் ஹாராக்ஸ், ஜெனரல் தாமஸ், பிரௌனிங் ஆகியோர் இருந்தனர். ஒரு பிரிட்டிஷ் பட்டாளமும் ஒரு போலிஷ் பட்டாளமும் அன்றிரவு ஓடத்துறை அருகில் நதியைக் கடக்க வேண்டும் என்று தாமஸ் அறிவித்தார். ஸோஸபோவ்ஸ்கியின் படையிலிருந்து ஒரு பகுதி அவரைக் கலந்துகொள்ளாமலே எடுக்கப்பட்டுவிட்டது. எதிரி பலமாக உள்ள இடத்தில் சிறு படையை அனுப்புவது வீண். கடப்பதானால் முழு டிவிஷன் பலத்துடன் வேறிடத்தில் கடக்க வேண்டும். இல்லையேல் அக்கரையிலுள்ளவர்களைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னார். யாரும் செவிசாய்க்கவில்லை. அன்றிரவு கடந்த டார்ஸெட் பட்டாளத்தார் சுமார் 300 பேரில் பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள். படகுகள் போதாமையால் போலிஷ் பட்டாளம் கடக்கவே இல்லை. மறுநாள், 25-ந் தேதி இரவு, முற்றுகையில் எஞ்சியவர்கள் மழையிலும் இருளிலும் நதியைக் கடந்து பின்வாங்கினார்கள். வடகரையில் இறங்கிய ஏறக்குறைய பதினாயிரம் பேரில் திரும்பியவர் சுமார் 2,400 பேர். போலிஷ் பிரிகேடில் மாண்டவர், காயமுற்றவர், காணாமற்போனவர் எல்லாரும் சேர்ந்து ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

கடிதங்களின் வேலை

அக்டோபர் 17-ந் தேதி மாண்ட்கமரி, பிரிட்டிஷ் ராணுவத்தின் பிரதம தளபதியான ஆலன் புரூக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். போலிஷ் பாராசூட் பிரிகேடு மிக மோசமாகப் போரிட்டது. ஆபத்தை எதிர்கொள்ளும் ஆர்வம் அதனிடம் இல்லை. அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்பது அதன் சாரம். நவம்பரில் பிரௌனிங் மற்றொரு நீண்ட கடிதம் எழுதினார். ஸோஸபோவ்ஸ்கி ஒத்துழைக்கத் தெரியாதவர், வாதாடுபவர், காரியத்தில் ஊக்கமில்லாதவர் என்று குற்றங்களை அடுக்கிய அக்கடிதம், பெரும் போர் நடக்கும் வேளையில் இரண்டு மூன்று லாரிகள் வேண்டுமென்று தம்மைத் தொந்தரவு செய்தார் என்பதையும் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டது! கடைசியில், அவரை நீக்கி வேறொருவரை நியமிக்க வேண்டுமென்று சிபாரிசு செய்தது.

இவ்விரு கடிதங்களையும் படிப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழாமற்போகாது. திட்டம் முறிந்தது 17, 18 தேதிகளில்; போலிஷ் படை இறங்கியது 21-ந் தேதி. தோல்விக்குப் பின் வந்து சேர்ந்தவர்கள் தோல்விக்குக் காரணமாவது எங்ஙனம்? டாங்கிப் படைகள் இருந்ததைப் பொருட்படுத்தாதவர் யார்? இறங்கும் இடத்தை எட்டு மைலுக்கு அப்பால் குறித்தவர் யார்? இவற்றுக்கு விடை தேடினால் விரல் மேல்நோக்கிச் சுட்டும். கீழ்நோக்கிச் சுட்டுவதற்கு ஒரு போலிஷ்காரர் கிடைத்தார்.

லண்டனிலிருந்த போலிஷ் சர்க்கார் அந்நாளில் மிகவும் தளர்ந்திருந்தது. அதனுடைய தேசத்தின் எதிர்காலமே பெரிய வல்லரசுகளின் பேரப் பொருளாயிருந்தது. ஒரு ஜெனரலுக்காகப் பிரிட்டனுடன் மல்லுக்கு நிற்க அதற்குச் சக்தி இல்லை. 1944 டிசம்பர் இறுதியில் ஸோஸபோவ்ஸ்கி பிரிகேடின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டு, காவற்படைகளை மேற்பார்க்கும் வேலைக்கு மாற்றப்பட்டார். அதே சமயத்தில் பிரௌனிங், இலங்கையின் கண்டி மாநகரில் தலைமைக் காரியாலயம் கொண்டிருந்த மௌண்ட்பேட்டனுக்குப் பிரதம உதவியாளராக அனுப்பப்பட்டார். 1946-இல் ஸர் பட்டம் உயர்ந்த வகுப்பில் அவருக்குக் கிடைத்தது. ஒரே தோல்வி இருவருக்கு இருவகைப் பலனைக் கொடுத்தது.

தொழிற்சாலையில் ஒரு ஜெனரல்

1945 பிப்ரவரியில் யால்டா மகாநாட்டில் மூன்று பெரியோர் கூடிப் போலந்தின் கிழக்குப் பகுதியை ருஷியாவுக்கு விட்டார்கள். ஸோஸபோவ்ஸ்கியின் பிறந்த ஊரும் அதில் அடங்கும். ஜூலையில் பிரிட்டன், லண்டனிலிருந்த போலிஷ் சர்க்காரை அங்கீகரிப்பதை நிறுத்திக்கொண்டது. 1946-ஆம் வருஷம் வார்ஸாவில் ருஷிய ஆதரவுடன் ஆண்ட புதிய சர்க்கார், வெளிநாட்டில் தங்கிய எழுபதுக்கு மேற்பட்ட உயர்தர ராணுவ அதிகாரிகளின் போலிஷ் பிரஜா உரிமையைப் பறித்தது. ஸோஸபோவ்ஸ்கியின் பெயரும் அந்த ஜாபிதாவில் இருந்தது. யாருக்காகப் போரிட்டாரோ அவர்கள் நீக்கினார்கள். எந்த நாட்டுக்காகப் போரிட்டாரோ அந்த நாட்டை ஆண்டவர்கள் துறந்தார்கள்.

1948-இல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 56. பார்வையிழந்த மகனும் மனைவியும் அவரிடம் வந்து சேர்ந்திருந்தார்கள். வருமானம் வேண்டும். சிறு வியாபாரம் ஒன்றில் இறங்கி நஷ்டமடைந்தார். பிறகு லண்டனில் ஆக்டன் பகுதியிலுள்ள ஒரு மின்சாரக் கருவித் தொழிற்சாலையில் தொழிலாளியாகச் சேர்ந்து, எழுபது வயதைக் கடந்த பின்னும் அங்கே வேலை பார்த்தார். உடன் வேலை செய்தவர்களுக்கு அவர் ஸ்டான் என்ற வயோதிகர்; அவ்வளவே. 1957-இல் போலிஷ் பாஷையில் வெளிவந்த தம் நினைவு நூலுக்கு, தம் படையின் வாசகத்தையே பெயராகச் சூட்டினார். 1960-இல் இங்கிலீஷிலும் தம் வரலாற்றை எழுதினார்.

1967-ஆம் வருஷம் செப்டம்பர் 25-ந் தேதி, ஆர்ன்ஹெம் பின்வாங்கலின் இருபத்து மூன்றாவது ஆண்டு நிறைவன்று, அவர் காலமானார். இரண்டு வருஷங்களுக்குப் பின் அவருடைய உடல் வார்ஸாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, பொவான்ஸ்கி ராணுவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. குறுகிய வழியென்று கருதிப் புறப்பட்டவர், முப்பது வருஷங்களுக்குப் பின் அவ்வாறு வீடு சேர்ந்தார்.

காலம் கடந்த நீதி

டிரீல் கிராமத்து மக்கள் மட்டும் மறக்கவில்லை. போர் முடிந்த காலத்திலேயே ஹாலந்து ராணி வில்ஹெல்மினா இப்படைக்கு விருதளிக்க விரும்பினார். அவருடைய அயல்நாட்டு மந்திரி, பெரிய தேசங்களுக்கு வருத்தம் உண்டாகுமே என்று தடுத்தார். அதன் பின் பல்லாண்டுகள் அவ்விஷயம் தூங்கிற்று. 1944-இல் டிரீலில் காயமுற்றவர்களுக்குப் பணிவிடை செய்த கோரா பால்டுஸன் என்னும் அம்மையார், அப்படையின் மானத்தை மீட்பதற்காக இடைவிடாது பாடுபட்டார். பழைய தஸ்தாவேஜுகள் வெளிவந்தன; உண்மை துலங்கிற்று. 2006-ஆம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி ராணி பியாட்ரிக்ஸ், ஹாலந்தின் தலைசிறந்த ராணுவ விருதாகிய வில்லியம் விருதைப் போலிஷ் பிரிகேடுக்கும், வெண்கலச் சிங்கம் என்னும் விருதை ஸோஸபோவ்ஸ்கிக்கும் வழங்கினார். ஜெனரல் இறந்து ஏறக்குறைய 39 வருஷங்கள் ஆகிவிட்டன. பால்டுஸன் அம்மையாரும் முந்திய வருஷம் காலமாகிவிட்டார். அவ்வருஷமே டிரீலில் ஸோஸபோவ்ஸ்கிக்கு ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அதை எழுப்பியவர்கள் ஆர்ன்ஹெமில் போரிட்ட பிரிட்டிஷ் வீரர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. தளபதிகளின் கடிதங்களைக் காட்டிலும், நதிக்கு அக்கரையிலிருந்து கண்ணால் கண்டவர்களின் சாட்சியம் மேலானதன்றோ! போலந்தும் தன் மகனை மறக்கவில்லை. கிராக்கோவ் நகரிலுள்ள ஆகாயப் படைப் பிரிகேடு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது இரண்டு. ஒரு தேசத்தின் படை பிறர் கட்டளைக்கு உட்பட்டுவிட்டால், அதன் வீரம் பிறருக்குப் பயன்படும். தோல்வியின் பழி மட்டும் அதனிடம் திரும்பி வரும். இது முதலாவது. போலிஷ் வீரர்களின் தைரியத்தில் குறைவில்லை. அத்தைரியத்தை எங்கே செலவிடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரமே அவர்களிடம் இல்லை. சுதந்திரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறெதுவும் நமக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, சபையில் தனித்து நின்று உண்மை சொல்வதைப் பற்றியது. தம் ஆயிரத்தெழுநூறு வீரர்களின் உயிரைப் பணயம் வைக்கும் திட்டத்தைக் கேட்டு, எல்லாரும் தலையசைத்தபோது ஸோஸபோவ்ஸ்கி தலையசைக்கவில்லை. எனினும் கட்டளை பிறந்த பின் விமானத்தில் ஏறி அவ்வீரர்களுடன் தாமும் குதித்தார். ஆலோசனையின்போது அஞ்சாமல் மறுப்பதும், தீர்மானமான பின் முன்னணியில் நிற்பதும் ஒரே மனிதரிடம் அமைவது அரிது. அவ்வாறு அமைந்தவர்களைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிடும் இயக்கம் எதுவாயினும், தன் ஆர்ன்ஹெமை நோக்கியே நடக்கிறது. நம் சபைகளிலும் அத்தகையோர் உண்டு. அவர்கள் பேச்சு செவிக்கு இனிக்காது. ஆயினும் அவர்கள் பேசி முடிக்கும் வரையில் பொறுத்திருந்து கேட்பது நம் கடமை.